மருந்தின் நான்காம் கூறு

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடையே ஒரு வியப்பு எழுவதுண்டு. மருந்து என்று தலைப்பிட்ட வள்ளுவர், மூலிகை ஒன்றின் பெயரைக்கூட அங்குச் சொல்லவில்லை. பத்துக் குறள்களுள் பெரும்பகுதி உணவைப் பற்றியே பேசுகின்றது. எவ்வளவு உண்பது, எப்போது உண்பது, உடலுக்கு எது இசையும், எது இசையாது என்பனவே அங்கு மருந்தாகின்றன. அதிகாரத்தின் இறுதிக் குறளோ மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றும் எவர்க்கும் எளிதில் விளங்கும். நான்காவதைத் தேர்வுக்காக மனனம் செய்வதோடு பலர் நிறுத்திக்கொள்வர். எங்கள் இல்லத்தில் அந்த நான்காம் கூற்றுக்கு விரிவான உரை கிடைத்தது. அவ்வுரையை எங்களுக்குத் தந்தது எங்கள் உம்மாவின் நோய்.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் அமைந்தது. உம்மாவுக்குப் பிள்ளைகள் நாங்கள் மூவர். எங்களுக்கு மட்டுமன்றி, எங்கள் தெரு முழுமைக்கும் உம்மாவின் கைமணம் தெரியும். நெய்ச்சோறும் கறியும், பெருநாள் வட்டலப்பமும், மணிக்கணக்கில் நின்று கிண்டும் தொதலும், மாசி இடித்துச் செய்யும் சம்பலும் அவர் கைபட்டால் தனிச் சுவை பெறும். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிய எவரும் உண்ணாமல் திரும்பியதில்லை. ஊட்டுவதே அன்பின் மொழி என்று வாழ்ந்தவர் அவர். அத்தகைய கைக்கு உரியவரை உணவே வருத்தத் தொடங்கியது 2016ஆம் ஆண்டில்.

சாப்பிட்ட சில நிமிடங்களில் முகமும் கழுத்தும் செக்கச் சிவக்கும். உடலெங்கும் தீப்பட்டாற்போல் எரியும். வயிறு முறுக்கிப் பிடிக்கும். வயிற்றுப்போக்கு தொடரும். நெஞ்சு படபடக்கும். இருமுறை உணவு விரிப்பிலேயே மயங்கிச் சாய்ந்தார். குடற்புண் என்றார் ஒருவர். மாதவிலக்கு நிற்கும் வயதின் கோளாறு என்றார் மற்றொருவர். மனக்கவலை என்றும் சொல்லப்பட்டது. அண்டை வீட்டார் கண்ணேறு என்றனர். இவர்களுள் எவரையும் குறை கூறுவதற்கில்லை. இந்நோய் பல நோய்களின் முகமூடியை அணிந்து வருவது, அரிதாகவும் வருவது. ஒவ்வாமைக்கான தோல் சோதனையும் செய்து பார்த்தோம். எவ்வுணவுக்கும் உம்மாவின் தோல் தடிக்கவில்லை. ‘எதுவும் ஒவ்வாமை இல்லை’ என்று தாளில் எழுதியிருந்தது. அன்றிரவே சூரை மீன் குழம்பு உண்டு உம்மா மயங்கினார்.

மூன்றாண்டுகள் கடந்தபின், 2019ஆம் ஆண்டில், தோல் மருத்துவர் ஒருவர் புதிருக்கு விடை கண்டார். உம்மாவின் தொடையிலும் விலாப்புறத்திலும் பல ஆண்டுகளாகப் பழுப்பு நிறப் புள்ளிகள் இருந்தன. தேமல் என்றே அவற்றை எல்லாரும் எண்ணியிருந்தோம். மருத்துவர் ஒரு மழுங்கிய கோலால் அப்புள்ளிகளுள் ஒன்றைத் தேய்த்தார். சிறிது நேரத்தில் அவ்விடம் மட்டும் சிவந்து தடித்தது. பிரெஞ்சு நாட்டுத் தோல் மருத்துவர் தாரியேயின் பெயரால் இக்குறி வழங்கப்படுகின்றது. பின்னர் இரத்தத்தில் டிரிப்டேஸ் என்னும் பொருளின் அளவைப் பார்த்தனர். ஒரு மில்லி லிட்டரில் 20 நானோகிராமுக்கு மேல் அது நிலையாக இருப்பது இந்நோயைக் கணிக்க உதவும் அளவுகோல்களுள் ஒன்று. உம்மாவுக்கு 38 இருந்தது. எலும்பு மச்சையை எடுத்துச் செய்த சோதனையும், ‘கிட்’ என்னும் மரபணுவில் காணப்பட்ட மாற்றமும் ஐயத்தை அகற்றின. சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸ் என்று நோய்க்குப் பெயர் சொன்னார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும், பெயர் ஒன்று கிடைத்ததே என்று உம்மா அன்று நிம்மதியாக உறங்கினார்.

சொல்லாராய்ச்சியில் பழகியவர்கள் ஆதலின், அப்பெயரின் வேரைத் தேடினோம். 1878ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், மருத்துவப் பட்டத்திற்கென எழுதிய ஆய்வேட்டில் ஒருவகைச் செல்களை விவரித்தார். சாயம் ஏற்றிப் பார்த்தபோது அச்செல்களின் உள்ளே மணிமணியாகப் பொருள்கள் நிறைந்து காணப்பட்டன. மிகுதியாக உண்டு கொழுத்த செல்கள் இவை என்று கருதிய அவர், கால்நடைக்குத் தீனியிட்டுக் கொழுக்க வைப்பதைக் குறிக்கும் ‘மாஸ்ட்’ என்னும் ஜெர்மன் சொல்லால் அவற்றை அழைத்தார். 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர். ஆயினும் அம்மணிகள் தின்ற தீனி அல்ல, எய்வதற்கென அடுக்கிவைத்த அம்புகள் என்பது பின்னரே தெளிவாயிற்று. அவற்றுள் ஹிஸ்டமின் இருப்பதை ரைலி, வெஸ்ட் என்னும் இருவர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உண்டு கொழுத்தது என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய செல்லே, உம்மாவை உண்ணவிடாமல் தடுத்தது. இம்முரணை அவரிடம் சொன்னபோது, “எல்லாம் என் வீட்டுச் சோறு தின்று கொழுத்ததுதானே!” என்று சிரித்தார்.

மாஸ்ட் செல்கள் எல்லைக் காவலர் போன்றவை. எலும்பு மச்சையில் தோன்றி, தோலிலும் குடலிலும் மூச்சுப் பாதையிலும், அதாவது வெளியுலகம் உடலைத் தொடும் இடங்களிலெல்லாம், குடியிருப்பவை. கிருமியோ புழுவோ நுழைந்தால் ஹிஸ்டமின் முதலியவற்றை வெளியிட்டு உடலை விழிக்கச் செய்பவை. பொதுவான ஒவ்வாமையில் ஒரு குறிப்பிட்ட பொருளைப் பகையென உடல் தவறாகக் குறித்து வைத்திருக்கும். அப்பொருள் வரும்போது மட்டும் காவலர் அம்பெய்வர். உம்மாவின் நோயிலோ காவலரின் எண்ணிக்கை மிகுதி. சிறு சலசலப்புக்கும் அம்பெய்யும் பதற்றமும் மிகுதி. ஆகவேதான் தோல் சோதனையில் பகைவன் என்று எவனும் அகப்படவில்லை. ‘ஒவ்வாமை’ என்ற அழகிய தமிழ்ச்சொல்லுக்குள் இந்நோய் முழுமையாக அடங்குவதில்லை. இங்கு ஒவ்வாதது ஒரு பொருள் மட்டும் அன்று. ஒரு வேளை, ஒரு வெப்பம், ஒரு களைப்பு, ஒரு கவலையும் ஒவ்வாமற்போகலாம்.

நோயின் பெயர் தெரிந்ததும் பட்டியல்கள் வந்து குவிந்தன. தக்காளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, முட்டை ஆகாது, பயறு ஆகாது என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கொடுத்தனர். ஒரு பட்டியல் விலக்கியதை இன்னொன்று பரிந்துரைத்தது. இந்நோயாளர் அனைவர்க்கும் பொருந்தும் பொதுப் பட்டியல் என்று ஒன்று இல்லை என்பதை எங்கள் மருத்துவர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். எனினும் அச்சத்தின் குரல் அறிவின் குரலைவிட உரத்தது. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் உம்மா தட்டிலிருந்து ஒரு பொருளை நீக்கினார். நீக்கியது எதுவும் திரும்பவில்லை. ஓராண்டில் எஞ்சியவை சோறும் சுரைக்காயும் உப்பும் தான். 58 கிலோ எடை இருந்தவர் 47 கிலோவாக மெலிந்தார். தாக்குதல்கள் முற்றிலும் நின்றனவா என்றால், அதுவும் இல்லை.

அடுத்த சந்திப்பில் மருத்துவர் உம்மாவின் எலும்பு அடர்த்தியைச் சோதிக்கச் சொன்னார். எலும்பு தேய்வது இந்நோயோடு அடிக்கடி வரும் துன்பங்களுள் ஒன்று. பாலையும் முட்டையையும் மீனையும் ஒருசேரத் துறந்தவருக்கு அத்தேய்வு விரைவுபடும். உம்மாவின் முதுகெலும்பு வலுவிழந்திருந்தது. உணவின் தாக்குதலால் விளையும் ஆபத்து ஒருபுறம், உண்ணாமையால் விளையும் ஆபத்து மறுபுறம் என்று மருத்துவர் விளக்கினார். உணவியல் வல்லுநர் ஒருவரையும் துணைக்கு அழைத்தார். அவ்வம்மையார் உம்மாவிடம் கேட்ட முதற்கேள்வி எங்கள் நெஞ்சில் நின்றது. ‘எவற்றை விட்டீர்கள் என்பது இருக்கட்டும்; எவற்றை விடாமல் காக்க விரும்புகிறீர்கள்?’ என்பதே அக்கேள்வி. உம்மா சற்றும் தயங்காமல், “மீன்” என்றார். கடற்கரைப் பெண்ணின் விடை அது.

ஒரு நாட்குறிப்பேடு தொடங்கினோம். உண்ட பொருள், அளவு, உண்ட நேரம், சமைத்த நேரம், மருந்து எடுத்த நேரம், அன்றைய வெயில், முந்தைய இரவின் உறக்கம், நடை, மனநிலை, பின்னர் நேர்ந்தது, எத்தனை நிமிடத்தில் நேர்ந்தது என்று பதினொரு கட்டங்கள். எங்கள் ராத்தா உம்மாவோடு இருந்து எழுதுவார். வெளியூரில் இருந்த நாங்கள் வாரம் ஒருமுறை படிப்போம். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காணும் பயிற்சி இங்குக் கைகொடுத்தது. ஒரே செய்யுள் இரண்டு ஏடுகளில் வெவ்வேறாகக் காணப்பட்டால், ஏடெழுதியவரின் சூழலைப் பார்ப்பது ஆய்வாளர் வழக்கம். ஒரே மீன் திங்களன்று தாக்கி, வியாழனன்று தாக்காமல் விட்டால், மீனை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. அதன் சூழலையும் பார்த்தல் வேண்டும். மூன்று மாத ஏடுகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, ‘சமைத்த நேரம்’ என்ற கட்டம் பேசத் தொடங்கியது.

சூரை, அயிலை, மத்தி முதலிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. மீனைப் பிடித்தவுடன் குளிரில் வைக்காவிடில், நுண்ணுயிர்கள் அதனை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அவ்வாறு உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அழிவதில்லை. மணத்தாலும் நிறத்தாலும் அதனைக் கண்டறிவதும் இயலாது. நலமுள்ளவர்க்கே அளவு மீறினால் நஞ்சாகும் இது, உம்மாவைப் போன்றவர்க்குச் சிறு அளவிலும் தீங்கு செய்யலாம். ஏட்டில் கண்டதும் இதுவே. விடியலில் கரையேறி, பனிக்கட்டியில் வைத்து, காலையிலேயே சமைத்த ஊளியும் பாறையும் உம்மாவைத் தொல்லை செய்யவில்லை. மாலைச் சந்தையில் வாங்கிய சூரை தொல்லை செய்தது. மாசியும் கருவாடும் தொல்லை செய்தன. விருந்துக்கு மறுநாள் மீண்டும் மீண்டும் சுடவைத்து உண்ணும் சுண்டக் கறியும், ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் உலர்த்தும் உப்புக்கண்டமும் அவ்வாறே. பகை மீனிலன்று, பழமையில் இருந்தது.

இதனால் எங்கள் அடுக்களையின் ஒழுங்கு மாறியது. காலைக் கறி மாலைக்கு என்னும் வழக்கம் நின்றது. சமைத்ததை உடனே சிறு கிண்ணங்களில் பகுத்து, ஆறியவுடன் உறைநிலைப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது ஒரு கிண்ணத்தை மட்டும் எடுத்து ஒரேமுறை சுடவைக்கும் வழக்கம் வந்தது. மீன்காரரிடம் ராத்தா விவரம் சொன்னார். அன்றுமுதல் அவர், “இது உம்மாவுக்கு ஆகாது, நேற்றைய மீன்” என்று தாமே சொல்லி, விற்பனையை இழந்து செல்வதுண்டு. மருந்தின் நான்காம் கூறு எங்கள் வாசலில் மீன்கூடையோடு வந்து நின்றதை அப்போது உணர்ந்தோம்.

ஏடு மற்றொன்றையும் காட்டியது. புதிய மீன் உண்டும் தாக்குதல் நேர்ந்த நாள்கள் உண்டு. அந்நாள்களில் உம்மா வெயிலில் நடந்திருப்பார். அல்லது இரவு உறங்கியிருக்கமாட்டார். அல்லது அடுப்பனலில் நெடுநேரம் நின்றிருப்பார். இதனை மருத்துவர் ஒரு குடத்தை உவமை காட்டி விளக்கினார். வெயில் ஒரு செம்பு, களைப்பு ஒரு செம்பு, கவலை ஒரு செம்பு எனக் குடம் நிறைந்துகொண்டே வரும். கடைசியில் ஊற்றும் ஒரு கரண்டி குழம்பால் அது வழியும். பழி குழம்பின்மேல் விழும். குடத்தில் இடம் இருக்கும் நாளில் அதே குழம்பு ஒன்றும் செய்யாது. இவ்வுவமை உம்மாவுக்குப் பெரிய விடுதலையைத் தந்தது. விலக்க வேண்டிய பொருள்களின் எண்ணிக்கை குறைந்தது. காக்க வேண்டிய வேளைகளின் எண்ணிக்கை கூடியது. இப்போது உம்மா விடியற்காலைக் குளிர்ச்சியில் சமைக்கிறார். நறுக்குவதும் அரைப்பதும் அமர்ந்தபடியே. அடுப்பிலிருந்து எழுந்தவுடன் உண்பதில்லை. அரை மணி நேரம் காற்றாட அமர்ந்தபின்பே உண்கிறார்.

அடுத்தது, இழந்தவற்றை மீட்கும் பணி. மருத்துவர் இசைந்த பொருள்களை மட்டுமே எடுத்துக்கொண்டோம். முன்பு மயக்கம் வரை கொண்டுசென்ற மாசியையும் பழைய சூரையையும் வீட்டில் சோதிப்பது கூடாது என்பது கண்டிப்பான கட்டளை. மற்றவற்றுள், உடல்நலம் அமைதியாக இருக்கும் வாரத்தில், ஒருநேரத்தில் ஒரே பொருள், முதல்நாள் ஒரு தேக்கரண்டி, மறுநாள் இரண்டு, மூன்றாம் நாள் ஒரு சிறு கிண்ணம் என்று படியேறினோம். பகற்பொழுதில் மட்டும், தனித்திருக்கையில் ஒருபோதும் இல்லை, அவசர மருந்து அருகில் இருக்க வேண்டும். பால் முதலில் திரும்பியது. பிறகு முட்டை, பாசிப்பயறு, பீர்க்கங்காய், கோழி என ஒவ்வொன்றாக வந்தன. கத்தரிக்காய் இருமுறை முயன்றும் இசையவில்லை; அதற்கு விடைகொடுத்தோம். வட்டலப்பம் சிறு துண்டளவில் திரும்பிய நாளில் எங்கள் வீட்டில் பெருநாள். 2021ஆம் ஆண்டின் இறுதியில் உம்மாவின் எடை 54 கிலோ. இன்று அவர் தட்டில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன.

மருந்தின் பங்கையும் சொல்லியாதல் வேண்டும். உணவை மட்டும் திருத்தி இந்நோயை ஆள இயலாது. ஹிஸ்டமின் வேலை செய்யும் இடங்களை மறிக்கும் இருவகை மாத்திரைகளையும், குடலில் உள்ள மாஸ்ட் செல்களைச் சாந்தப்படுத்தும் குரோமோகிளைகேட் என்னும் மருந்தையும் உம்மா நாள்தோறும் எடுக்கிறார். இவற்றுள் ஃபெக்சோஃபெனடின் என்னும் மாத்திரையைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறைந்துவிடும். தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளும், சில வலிநீக்கி ஊசிகளும் இந்நோயாளர் சிலர்க்குத் தாக்குதலைத் தூண்டும். ஆதலால் மருத்துவரைக் கேளாமல் எதையும் விழுங்குவதில்லை. நோயின் பெயரையும் மருந்துகளையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும்.

அப்பையிலேயே அட்ரினலின் மருந்துக் குப்பியும் ஊசிக்குழலும் உண்டு. தோல் சிவப்பதோடு மூச்சிளைப்போ, தொடர் வாந்தியோ, மயக்கமோ சேர்ந்தால், அது உயிரைப் பறிக்கவல்ல அனாபிலாக்சிஸ். அப்போது மாத்திரையை நம்பிக் காத்திருத்தல் கூடாது. தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் செலுத்த வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 0.5 மில்லிகிராம். நோயாளியை எழுப்பி நடக்கவிடாமல் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து அமரவைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஊசி போட்டபின் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம். தாக்குதல் மீண்டும் திரும்பக்கூடும். மருத்துவர் எங்கள் மூவருக்கும், உம்மாவின் பேரப்பிள்ளைகள் இருவருக்கும், அடுத்த வீட்டு மாமிக்கும் இதனைச் செய்முறையாகக் கற்பித்தார். 2020ஆம் ஆண்டில் ஒரு பிற்பகல், வீட்டில் எவரும் இல்லாத பொழுது, உம்மாவுக்கு ஊசி போட்டவர் அந்த மாமியே. எழுத்தறியாத அவருடைய கை நடுங்கவில்லை. இன்று எங்கள் உம்மா எங்களோடு இருப்பதற்கு, இறைவனுக்கு அடுத்து, நாங்கள் நன்றி சொல்ல வேண்டியது அந்தக் கைக்கு.

இவ்வளவையும் கற்றபின்னும் கடினமாக எஞ்சியது ஒன்று. அது விருந்து. எங்கள் பகுதியில் மணவிருந்து என்றால் சஹனில் அமர்ந்து உண்பது. ஒரே தாலத்தில் இரண்டு மூன்று பேர் கைநனைப்பர். கை கலந்தால் மனம் கலக்கும் என்பது மூத்தோர் கொள்கை. அங்குச் சென்று, ‘வேண்டாம்’ என்று சொல்வது உணவை மறுப்பதாகாமல் உறவை மறுப்பதாகிவிடும். “ஒரு வாய்தானே மைனி, பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்கள், ஒன்றும் செய்யாது” என்று அன்பொழுகச் சொல்பவர்க்கு என்ன விடை சொல்வது? உம்மா ஒரு விடை கண்டுபிடித்தார்: “சோற்றில் ஒரு குறையும் இல்லை மைனி, குறை என் உடம்பில். என் பங்கை நீங்கள் சாப்பிடுங்கள், நான் பார்த்து நிறைகிறேன்.” கேட்டவர் கண் கலங்குவார். ஆயினும் இரண்டு ஆண்டுகள் உம்மா மணவீடுகளுக்குச் செல்வதையே குறைத்துக்கொண்டார். தட்டு சுருங்கியதைவிட இது எங்களை வருத்தியது. ஊரெல்லாம் ஊட்டியவர் ஊர்ப்பந்தியில் இடமின்றிப் போவதா என்று கலங்கினோம்.

அக்கலக்கத்தைத் தீர்த்தது மற்றொரு வீட்டின் பண்பு. 2022ஆம் ஆண்டில் எங்கள் சாச்சி வீட்டுத் திருமணம். அழைப்புச் சொல்ல வந்த சாச்சி, “என்ன சமைக்கலாம், எப்போது சமைக்கலாம், எப்படி வைக்கலாம்?” என்று மூன்று கேள்விகளைக் கேட்டார். உண்ண வற்புறுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை. மணநாளன்று, அப்போதே அறுத்த கோழியை மிளகும் தேங்காய்ப்பாலும் சேர்த்துத் தனிச் சட்டியில் ஆக்கி, பெருங்கூட்டம் வருமுன், காற்றோட்டமான உள்ளறையில் விரிப்பு விரித்தனர். சஹனின் ஒரு பக்கத்தில் உம்மாவுக்கான சோறும் கறியும் ஒரு கிண்ணத்தில் இருந்தன. மறுபக்கத்தில் மற்றவர்க்கான நெய்ச்சோறு. சுற்றியிருந்த மூதாட்டியர் மூவரும் உம்மா முதல் கவளத்தை எடுக்கும்வரை கை வைக்கவில்லை. தாலம் ஒன்றே, உணவு இரண்டு, பந்தியில் பிளவு இல்லை. அன்று உம்மாவின் முகம் சிவக்கவில்லை, மலர்ந்தது.

ரமலான் மாதமும் எங்களுக்கு ஒன்றைக் கற்பித்தது. மருத்துவர் நோன்பு கூடாது என்றார். நோயாளிக்குத் திருமறை தந்துள்ள சலுகையை ஊர் ஆலிம் எடுத்துரைத்து, குணமாகா நோய் ஆதலின் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவைச் சொன்னார். பணமாகக் கொடுத்துவிடலாம் என்று நாங்கள் சொன்னோம். உம்மா இசையவில்லை. முப்பது நாளும் தம் கையால் ஆக்கி, அடுத்த தெருவில் தனித்து வாழும் முதியவர் ஒருவர்க்கு அனுப்பினார். தாம் உண்ண இயலாத மாசிச் சம்பலையும் அவர் விரும்பினார் என்று செய்தனுப்பினார். சுவை பார்க்க இயலாதே என்றோம். “நாற்பது வருஷம் சமைத்த கைக்கு உப்பு தெரியாதா?” என்றார். ஊட்டுவதற்குத் தாம் உண்பது இன்றியமையாததன்று என்பதை அந்த மாதத்தில் கண்டோம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் விடுதிப் பந்தியிலும் வகுப்பறையிலும் ‘இது எனக்கு ஆகாது’ என்று சொல்லும் நண்பர் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு இருப்பது இந்நோயாகவோ, நிலக்கடலையோ பாலோ ஒவ்வாத வேறொரு நோயாகவோ இருக்கலாம். அது செருக்கு என்றோ, நாகரிக நடிப்பு என்றோ எண்ணிவிடாதீர்கள். ‘ஒரு வாய்தானே’ என்று வற்புறுத்தாதீர்கள். உணவில் மறைத்துக் கொடுத்துச் சோதிக்கும் விளையாட்டு உயிருக்கு உலை வைக்கும். அவர் பையில் மருந்து எங்குள்ளது, எப்போது யாரை அழைப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியப் பெருமக்கள் சுற்றுலா செல்லுமுன் அக்கேள்வியைக் கேட்டால், தயங்கி நிற்கும் ஒரு மாணவி துணிந்து உடன் வருவாள். சமுதாயப் பெரியோர்கள் பந்தியில் ஒரு கிண்ணத்துக்கு இடம் விட்டால், ஒதுங்கிப்போன ஒருவர் மீண்டும் வந்து அமர்வார்.

எங்கள் உம்மாவின் நோய் தீரவில்லை. தீரும் என்று எவரும் வாக்களிக்கவும் இல்லை. மாதத்திற்கு ஒருமுறையேனும் முகம் சிவக்கும் நாள் வருகின்றது. ஏடு இன்றும் எழுதப்படுகின்றது. அது ஒன்பதாவது குறிப்பேடு. நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றும் ஒரு மருத்துவமனைக்குள் அடங்கிவிடும். நான்காம் கூறு அடங்குவதில்லை. அது மீன்கூடை சுமப்பவராக, ஊசி போடும் மாமியாக, மூன்று கேள்வி கேட்கும் சாச்சியாக, கவளம் எடுக்காமல் காத்திருக்கும் மூதாட்டியாக ஊர் முழுதும் பரவியிருக்கின்றது. அடுத்த மாதம் எங்கள் தெருவில் ஒரு திருமணம். மணவீட்டார் நேற்றே வந்து, கோழி எத்தனை மணிக்கு அறுக்க வேண்டும் என்று உம்மாவிடம் கேட்டுச் சென்றிருக்கின்றனர்.